கேனில் லேபிள் ஒட்டிய இடம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு இளம் டாக்டர்கள் என் வீட்டைத் தேடி வந்துவிட்டார்கள். ஒரு தம்பி, ஒரு பாப்பா. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் எம்.டி. படிக்கச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறதாம். டாக்டர் வீடு தேடி வந்தால் யாருக்கும் திக்கென்றுதான் இருக்கும். ஸ்டோர் சாவி எதையாவது மறந்து கொண்டுவந்துவிட்டேனோ என்று என் மனசு தேடத் தொடங்கிவிட்டது.

அவர்களுக்கு வேண்டியது வேறு. ஆஸ்பத்திரி லைப்ரரியில் டாக்டர் ஹேமா எழுதிய பழைய ஆராய்ச்சிப் புத்தகத்தைப் படித்திருக்கிறார்கள். அதில் ஒரு வரி இருந்ததாம். 'ஒவ்வொரு கேனிலும் லேபிள் மூடியின் மேல் ஒட்டப்பட்டது.'

"லேபிளை எங்க ஒட்டினா என்ன அண்ணாச்சி? இதைப் போயி ஆராய்ச்சில எதுக்கு எழுதினாங்க?" என்று பாப்பா கேட்டது. "யாருக்கும் தெரியல. வார்டு சிஸ்டர்தான், மாடசாமி அண்ணாச்சியைக் கேளுங்க, அது அவரு வரின்னாங்க."

எனக்குப் பேச வராது. நாலு பேர் முன்னால் பேச வேண்டுமென்றால் முதல் வார்த்தையிலேயே வியர்த்துவிடும். "எழுதித் தாரேன்" என்றேன். அஞ்சாம் வகுப்பு படித்தவன் எழுதித் தருகிறேன் என்றதற்கு இரண்டு பேருமே சிரிக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அஞ்சாம் வகுப்போடு நான் போனது தீப்பெட்டி ஆபீசுக்கு. எங்கள் பக்கம் தீப்பெட்டிக் கம்பெனியை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அங்கே பெட்டிக்கு லேபிள் ஒட்டினேன். லேபிள் நூல் பிடித்த மாதிரி இருக்க வேண்டும். கோணல் விழுந்தால் அந்தக் கட்டு முழுவதும் நம் மடிக்கே திரும்பி வரும். கண்ணை மூடிக்கொண்டு ஒட்டினாலும் ஒரே உயரத்தில் உட்கார்கிற அளவுக்கு விரல் பழகிவிட்டது. பிறகு இருபத்திரண்டு வயசில் கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் அட்டெண்டராகச் சேர்ந்தேன். தள்ளுவண்டி, துடைப்பம், ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய் கழுவுவது என்று பத்து வருஷம் ஓடியது. அதன் பிறகு மெடிக்கல் வார்டு. ஐம்பத்து நாலு வயசில் முழங்கால் மக்கர் பண்ணவும் நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். என் வேலைக்காலம் இவ்வளவுதான். சொல்வதற்கு அதில் ஒரு காரியம்தான் இருக்கிறது.

எம்.டி. படிக்கிற டாக்டர்கள் படித்து முடிப்பதற்குள் ஒரு ஆராய்ச்சி செய்து புத்தகமாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். தீசிஸ் என்பார்கள். வார்டு பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் அது செல்லும். அது செல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது.

எங்கள் பெரிய டாக்டரை எல்லோரும் சீஃப் என்போம். குரலை உயர்த்த மாட்டார். அட்டெண்டரைக்கூட வாங்க, போங்க என்றுதான் சொல்வார். தச்சு வேலைக்காரர் மாதிரி காதில் ஒரு கட்டைப் பென்சில் எப்போதும் இருக்கும். படிக்கிற டாக்டர்கள் எல்லோருக்கும் அவரிடம் பயம்தான். அந்தப் பயம் கோபத்துக்காக அல்ல, ஒரு கேள்விக்காக. யார் எதைச் சொன்னாலும், "பாத்தீங்களா, கேட்டீங்களா, நெனச்சீங்களா?" என்பார்.

ஒருநாள் ரவுண்ட்ஸில் ஒரு டாக்டர், "பேஷண்டுக்குப் பசியே இல்ல சார்" என்றார்.

"பாத்தீங்களா, கேட்டீங்களா, நெனச்சீங்களா?"

"கேட்டேன் சார்."

"யாருகிட்ட?"

"மகன்கிட்ட சார்."

"அப்ப மகனுக்குத்தான் பசியில்லையோ என்னவோ" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். கட்டிலில் இருந்த தாத்தா அப்போது ஒரு பன்னைக் காலி பண்ணிக்கொண்டிருந்தார்.

டாக்டர் ஹேமா தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஆறே மாதத்தில் எங்கள் 'அண்ணாச்சி' அவர் வாயில் ஒட்டிக்கொண்டது. அவர் எடுத்த ஆராய்ச்சி உப்பு. எங்கள் கரிசல் காட்டு ஆட்கள் கருவாடும் ஊறுகாயுமாகச் சாப்பிடுகிறார்களே, பிரஷர் உள்ளவர்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு உப்பு தின்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சோற்றை நிறுத்துப் பார்க்க முடியாது. தின்ற உப்பில் பெரும்பகுதி ஒன்னுக்கில் வெளியே வந்துவிடுமாம். ஒரு முழு நாள் போகிற ஒன்னுக்கை ஒரு சொட்டு விடாமல் பிடித்து, அளந்து, அதில் ஒரு சின்னக் குழாய் எடுத்து லேபுக்கு அனுப்பினால் உப்பு எவ்வளவு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று இரண்டுமே தெரிந்துவிடும்.

எனக்கு இது பெரிய ஆச்சரியமாக இருந்தது. ஒரு மனுசன் நேற்று என்ன தின்றான் என்று அவன் வாயைக் கேட்காமலே தெரிந்துகொள்ளலாம் என்றால் அது லேசுப்பட்ட காரியமா? நானே போய், "டாக்டரம்மா, கேன் வேலையை நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். நானாக ஒரு வேலையைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அஞ்சு லிட்டர் பிடிக்கிற வெள்ளை பிளாஸ்டிக் கேன். வெளிச்சத்தில் வைத்தால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று வெளியே தெரியும். நோயாளி பேரும் நம்பரும் எழுதிய லேபிளைக் கேனின் வயிற்றில் ஒட்டுவேன். பழைய விரல் மறக்குமா? எல்லாக் கேனிலும் அச்சடித்த மாதிரி ஒரே உயரத்தில் இருக்கும். ஹேமா பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, கடையில வாங்கின மாதிரி இருக்கு" என்றார். இரண்டு நாள் எனக்கு அந்தச் சந்தோஷமே போதுமாக இருந்தது.

எப்படிப் பிடிக்க வேண்டும் என்று ஆளுக்கு ஆள் விளக்கிச் சொல்ல வேண்டும். அதையும் ஹேமா என்னிடம்தான் விட்டிருந்தார். வருகிறவர்களில் பாதிக்கு மேல் பொம்பளைகள். அவர்களிடம் போய் ஒன்னுக்கு என்கிற வார்த்தையை நான் எப்படிச் சொல்வது? அச்சடித்த தாளைக் கையில் கொடுப்பேன். கேனைக் கொடுப்பேன். லேபிளைத் தொட்டுக் காட்டி, "இதைப் பாத்துக்கோங்க" என்பேன். பேர் மாறிவிடக் கூடாது என்று சொன்னதாக எனக்கு நினைப்பு. தலையைக் குனிந்தபடியே அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவேன்.

கேன்கள் ஜவுளிக்கடைப் பைகளில் திரும்பி வந்தன. ஒருவரை பஸ்ஸில் கண்டக்டர், "என்னய்யா, மண்ணெண்ணெயா? எறங்கு" என்று வழியிலேயே இறக்கிவிட்டுவிட்டார். மீதி வழியை நடந்தே வந்து சேர்ந்தார். அவ்வளவு மரியாதையாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் அளவு ஜாடியில் ஊற்றி, நோட்டில் எழுதி, குழாயில் எடுத்து அனுப்புவேன். எல்லாம் ரெண்டு லிட்டர். கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே. ஒல்லி ஆளும் ரெண்டு லிட்டர், குண்டு ஆளும் ரெண்டு லிட்டர்.

"பாத்தியளா டாக்டரம்மா, ஒரே வெயிலு, ஒரே தண்ணி. நம்ம ஆளுக எல்லாரும் ஒரே அளவாப் போறாக" என்று ஒருநாள் சொன்னேன். ஹேமா டியூட்டி முடிந்து கண் சொருகி நின்றார். "அப்படியா அண்ணாச்சி" என்றார். அதோடு போயிற்று.

நாற்பது பேர் முடிந்ததும் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சீஃப் கணக்கைப் பார்த்தார். நான் அடுத்த நோயாளிகளின் கேஸ் தாள் கட்டுகளை எடுத்துக்கொண்டு கதவோரம் நின்றேன். அவர் பென்சில் நோட்டில் மேலேயிருந்து கீழே இறங்கியது. பாதியில் நின்றது. மறுபடி மேலே போனது.

"ஹேமா, இது அளந்ததா, எழுதினதா?"

"அளந்தது சார்."

"யார் அளந்தாங்க?"

ஹேமா என் பக்கம் திரும்பவே இல்லை. "என் பொறுப்புல அளந்தது சார்."

"ஒரே வயித்துல பிறந்த அண்ணன் தம்பிகூட இப்படி இருக்க மாட்டாங்கம்மா. உட்கார்ந்த இடத்துல நம்பர் எழுதுற பிள்ளைங்களை நான் பாத்திருக்கேன்." குரல் உயரவில்லை. "திங்கக்கிழமை எனக்கு ஒரு பதில் வேணும். இல்லேன்னா நான் இதுல கையெழுத்துப் போட முடியாது."

ஹேமா நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். என்னைத் தாண்டும்போது, "ஒன்னுமில்ல அண்ணாச்சி" என்றார். பொய்க் கணக்கு எழுதினவர் என்று பேர் வாங்கிக்கொண்டு போகிறவர் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறார்.

நான் கேன் இருக்கிற அறைக்குப் போனேன். அன்றைக்கு வந்த மூன்று கேன்கள் ஜன்னல் மேடையில் இருந்தன. பின்னால் இருந்து வெயில் அடித்தது. மூன்றிலும் உள்ளே இருந்தது லேபிளின் அடிக்கோட்டில் வந்து நின்றது. ஒரு நூல் மேலே இல்லை, ஒரு நூல் கீழே இல்லை.

இத்தனை நாள் இதைத் தினமும் பார்த்திருக்கிறேன். அழகாக இருக்கிறதே என்றுகூட நினைத்திருக்கிறேன். லேபிளை அளவுக்கோடு என்று நினைத்துத்தான் ரொப்பிக் கொண்டுவருகிறார்களோ என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

ஆனால் அதுவும் நினைப்புதானே. ஞாயிற்றுக்கிழமை ஒரு காலிக் கேனைப் பையில் போட்டுக்கொண்டு விளாத்திகுளம் பஸ் ஏறி, அங்கே மாறி நாகலாபுரம் போனேன். பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் சண்முகத்தாய் வீடு. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிற அம்மா. நாற்பது பேரில் ஒருத்தி. அவர் வீட்டுக்காரர் சுப்பையா களத்தில் மிளகாய் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, ஆஸ்பத்திரியை வீட்டுக்கே கொண்டாந்துட்டியளா?" என்றார் கேனைப் பார்த்து.

"இல்ல... ஒரு சந்தேகம்..."

"கேளுங்க."

வத்தல் நெடி மூக்கில் ஏறி நாலு தும்மல் போட்டேன்.

"தும்மிட்டுப் போறதுக்கா இம்புட்டுத் தூரம் வந்திய? ஏட்டி, அண்ணாச்சிக்குத் தண்ணி கொண்டா."

சண்முகத்தாய் செம்போடு வந்தார். நான் கேனைத் தரையில் வைத்தேன். தரையைப் பார்த்தே கேட்டேன். "இதுல எம்புட்டுக் கொண்டு வரணும்னு நெனச்சிய?"

அவர் லேபிளில் விரலை வைத்தார். "இந்தச் சீட்டு வரைக்கும். நீங்கதான காட்டுனிய."

"நானா?"

"ஆமா. சீட்டைத் தொட்டு, 'இதைப் பாத்துக்கோங்க'ன்னிய. வேற என்ன சொன்னிய? மூஞ்சியவே நீங்க நிமித்தல."

"தாள்ல எழுதியிருந்துச்சே."

"தாளை யாரு படிச்சா? நீங்க காட்டினது கண்ணுக்குத் தெரியுதுலா."

"சரி... அதுவரைக்கும் வந்துச்சா?"

அவர் முந்தானையைப் பிடித்துத் திருகினார். சுப்பையாதான் சொன்னார். "எங்கன வந்துச்சு? கால்வாசிகூட வரல. கொறஞ்சா டாக்டரம்மா வைவாகன்னு ஒரே அழுகை. தீப்பெட்டி ஆபீஸ்காரிக்கு அளவு கொறஞ்சா உசிரு போயிரும்லா. சரி ஏட்டி, ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே கொழம்பு, உப்பு மட்டும் வேறயாவா இருக்கப் போவுதுன்னு மிச்சத்தை நான் ரொப்பிக் குடுத்தேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அடுத்த களத்துக்காரர் அதற்குள் வந்துவிட்டார். அவரும் கேன் வாங்கினவர்தான். "எனக்கு அந்தக் கஷ்டமில்ல அண்ணாச்சி. சீட்டைத் தாண்டிப் போயிருச்சு. மிச்சத்தைக் கருவேல மரத்து மூட்டுல ஊத்திட்டேன். அளவு சரியா இருந்துச்சா?" என்று பாராட்டுக்குக் காத்து நின்றார்.

"சரியா இருந்துச்சு" என்றேன். வேறு என்ன சொல்ல?

திங்கட்கிழமை சீஃப் அறையில் ஹேமா நின்றுகொண்டிருந்தார். பதினைந்து வருஷத்தில் சீஃபிடம் 'சரி சார்' என்பதைத் தவிர நான் எதுவும் பேசினதில்லை. கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

"சார், டாக்டரம்மா எழுதல. நான்தான் அளந்தேன். தப்பு என் பேர்ல. சனங்க லேபிள் வரைக்கும் ரொப்பிக் கொண்டாந்திருக்காக."

சீஃப் பென்சிலைக் காதில் இருந்து எடுத்தார். "பாத்தீங்களா, கேட்டீங்களா, நெனச்சீங்களா?"

"சனிக்கிழமை நெனச்சேன் சார். நேத்து நாகலாபுரம் போயி ரெண்டு பேர்கிட்ட கேட்டேன். ஒரு அம்மா புருசன்கிட்ட வாங்கி ரொப்பியிருக்காக, இன்னொருத்தர் மிச்சத்தைக் கீழ ஊத்தியிருக்காரு."

"பாக்கல."

"பாக்கல சார்."

எழுந்தார். கேனை என் கையில் இருந்து வாங்கிக்கொண்டு நேரே வெளிநோயாளிகள் வரிசைக்குப் போனார். ஹேமாவும் நானும் பின்னாலேயே ஓடினோம். வரிசையில் முதலில் நின்ற பெரியவரிடம் கேனைக் கொடுத்து, "ஐயா, இதுல ஒன்னுக்குப் பிடிச்சுக் கொண்டு வரணும். எம்புட்டு கொண்டு வருவீங்க?" என்றார்.

பெரியவர் கேனைத் திருப்பிப் பார்த்தார். லேபிளைத் தொட்டார். "இதுவரைக்கும் கோடு போட்டிருக்கீகளே."

அடுத்த அம்மாவும் லேபிளைத்தான் தொட்டார். மூன்றாவது ஆள், "இம்புட்டுக்கு நான் எங்க போவேன்?" என்று கேனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சீஃப் ஏழெட்டுப் பேரிடம் கேட்டார். ஒவ்வொரு விரலும் லேபிளுக்குப் போகப் போக அவர் முகம் சின்னப் பையன் முகம் மாதிரி ஆகிக்கொண்டே வந்தது. அவர் அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை.

அறைக்குத் திரும்பினதும், "லேபிளை ஏன் இவ்வளவு நேரா ஒட்டுனீங்க?" என்று கேட்டார்.

"தீப்பெட்டி ஆபீஸ்ல பழகினது சார்."

கேனை மேஜையில் வைத்தார். பிறகு ஹேமாவிடம் சொன்னார். "தண்ணி ஊத்தி ரொப்பினவங்க கணக்கு கெடாது. உள்ள இருக்கிற உப்பு அப்படியேதான் இருக்கும். கீழ ஊத்தினவங்களும் புருசன்கிட்ட வாங்கினவங்களும்தான் கெடுத்துட்டாங்க. யாரு எதைச் செஞ்சாங்கன்னு நமக்குத் தெரியாது. நாப்பதையும் தள்ளிடுங்க. முதல்ல இருந்து ஆரம்பிங்க." கதவு வரை போனவரிடம், "நான் சனிக்கிழமை பேசினது தப்பும்மா. பாக்காம நெனச்சுட்டேன்" என்றார்.

நாற்பது பேரைத் தள்ளுவது என்றால் ஆறு மாத உழைப்பு. ஹேமாவுக்கு இருந்த காலம் அதற்குக் கொஞ்சம்தான் கூட. வராந்தாவில் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன். "என்ன அண்ணாச்சி நிக்கிறீங்க? லேபிளை இப்ப எங்க ஒட்டலாம்னு சொல்லுங்க" என்றார்.

"மூடிமேல" என்றேன்.

லேபிளை மூடிக்கு மாற்றிவிடலாம். வாயை என்ன செய்வது? ஹேமா வேறு ஆளைப் போடுகிறேன் என்றார். நான் மறுத்துவிட்டேன். கேன் அறையைச் சாத்திக்கொண்டு காலிக் கேன்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகினேன். "காலைல எந்திரிச்சதும் முதல்ல போற ஒன்னுக்கை வெளிய விட்ருங்க. அதுக்குப் பெறகு போறது எல்லாம் இதுல. மறுநா காலைல முதல்ல போறதும் இதுல. கூட வந்தாலும் சரி, கொறைய வந்தாலும் சரி. எவ்வளவு வருதோ அதுதான் சரியான அளவு. யாரும் வைய மாட்டாக." முதல் வாரம் காது மடல் சுட்டது. பொம்பளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவர்கள் சிரிக்கவும் எனக்கு லேசாகிவிட்டது.

பழைய நாற்பது பேரில் வர முடிந்தவர்களுக்கு மறுபடி கேன் கொடுத்தோம். சண்முகத்தாய் திரும்பக் கொண்டுவந்த அன்றைக்கு வரிசையில் நிற்காமல் தூணுக்குப் பின்னால் நின்றார். பையைத் திறக்கவே இல்லை.

"வைவாகளா அண்ணாச்சி?"

"வைய மாட்டாக. குடுங்க."

கேன் அடியில் ரெண்டு விரல் உயரம்கூட இல்லை. காப்பித் தண்ணி நிறம். அளந்தேன். அரை லிட்டருக்கும் கீழே.

இந்த இடத்தில் பழைய மாடசாமி என்றால் எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பான். நான் கேட்டேன். "ஒரு நாளைக்கு எம்புட்டுத் தண்ணி குடிப்பிய?"

"காலைல ஒரு டம்ளர். பெறகு வீட்டுக்கு வந்துதான்."

"இந்த வெயில்லயா?"

"தண்ணி குடிச்சா போகணும்லா. எங்க ஆபீஸ்ல கக்கூஸ் பூட்டிக் கெடக்கும். வெளிய போனா ஆம்பளையாளுக நடமாட்டம். ஒடம்பு வலிச்சா கடையில மாத்திரை வாங்கிப் போட்டுக்கிடுவேன். அதுக்கு மட்டும் ஒரு மடக்கு."

நான் ஓடிப்போய் ஹேமாவிடம் சொன்னேன். அன்றைக்கே ரத்தம் எடுத்தார்கள். சிறுநீரகம் பாதி வேலைதான் செய்துகொண்டிருந்தது. தண்ணி இல்லாமல் காய்ந்த உடம்பில் அந்த வலி மாத்திரையும் சேர்ந்து அதைக் கெடுத்துக்கொண்டிருந்தது. ஹேமா முதல் நோட்டை எடுத்துப் பார்த்தார். முதல் கேனில் சண்முகத்தாய்க்கு சிறுநீரகம் முதல் தரம் என்று வந்திருந்தது. அது சுப்பையாவின் சிறுநீரகம். அந்தக் கணக்கு நின்றிருந்தால், நன்றாக இருக்கிறீர்கள் என்று சொல்லி அந்த அம்மாவை அனுப்பியிருப்போம். அவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டே போயிருப்பார்.

மாத்திரையை நிறுத்தினார்கள். தண்ணி குடிக்கச் சொன்னார்கள். தண்ணி குடி என்று சொன்னால் போதுமா? கக்கூஸ் பூட்டு அங்கேதான் தொங்குகிறது. ஹேமா ஆபீஸ் முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதி, சீஃபும் அதில் கையெழுத்துப் போட்டார். பூட்டைத் திறந்தார்கள். சாவி தொலைந்துபோய், உடைத்துத்தான் திறந்தார்களாம். சுப்பையா வந்து சொன்னார். மூன்று மாதம் கழித்து எடுத்த ரத்தத்தில் கூடுதலாகத் தேங்கியிருந்த கழிவின் அளவு முக்கால்வாசி இறங்கியிருந்தது. மீதி இறங்கவில்லை. இறங்குமா என்று ஹேமாவிடம் கேட்டேன். "தெரியல அண்ணாச்சி. பாக்கணும்" என்றார்.

ஹேமா கடைசி நாளில்தான் தீசிஸைக் கொடுத்தார். சீஃப் கையெழுத்துப் போட்டார். எத்தனை பேரைத் தள்ளினோம், ஏன் தள்ளினோம் என்று அதில் எழுதியே ஆக வேண்டும் என்று சீஃப் சொன்னாராம். தப்பை விளக்கி எழுதின பக்கத்தை, புத்தகம் பெரிதாகிறது என்று யாரோ பிறகு சுருக்கச் சொல்லியிருக்கிறார்கள். மிஞ்சினது அந்த ஒரு வரி.

இவ்வளவும் எழுதி வைத்திருந்தேன். நேற்று அந்தத் தம்பியும் பாப்பாவும் வாங்க வந்தார்கள். என் முன்னாலேயே உட்கார்ந்து படித்தார்கள். எனக்குத்தான் உட்கார முடியவில்லை. காப்பி போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது தம்பி பையில் இருந்து ஒரு அட்டையை எடுத்தார். அவர்கள் செய்யப் போகிற ஆராய்ச்சியாம். பிரஷர் மாத்திரையை சனங்கள் ஒழுங்காகப் போடுகிறார்களா என்று பார்க்க வேண்டும். அட்டையில் முப்பது கட்டம். மாத்திரை போட்ட நாளில் ஒரு டிக். மாதக் கடைசியில் கொண்டுவர வேண்டும்.

நான் அட்டையை வாங்கிப் பார்த்தேன். கட்டமெல்லாம் அழகாக, ஒரே அளவாக இருந்தன. "முப்பதும் டிக்கோடதான் வரும்" என்றேன். "வர்ற வழியில பஸ்ல வச்சு ரொப்புவாக."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எப்படி அண்ணாச்சி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?" என்றது பாப்பா.

எனக்கு முகம் சுட்டது. சீஃபின் பென்சில் கண்ணில் பட்ட மாதிரி இருந்தது.

"நெனச்சதுதாம்மா" என்றேன். "கேட்கவும் இல்ல, பாக்கவும் இல்ல. ஒரு பத்துப் பேருக்குக் குடுத்துப் பாருங்க. என்ன வந்துச்சுன்னு எனக்கும் வந்து சொல்லுங்க."